நாமும் நாங்களும்

அண்மை ஆண்டுகளில் நம் மேடைகளிலும் சுற்றறிக்கைகளிலும் ஒரு சொல் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். ‘உள்ளடக்கிய வளர்ச்சி’ என்கிறது அரசு. ‘உள்ளடங்கிய கல்வி’ என்கிறது கல்வித்துறை. ‘அனைவரையும் உள்ளடக்கிய திருச்சபை’ என்று நம் கருத்தரங்குகளும் பேசுகின்றன. மேலைநாட்டார் ‘இன்குளூசிவிட்டி’ என வழங்கும் கருத்துக்குத் தமிழில் ஆக்கிக்கொண்ட சொற்கள் இவை. 1994ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரில் 92 அரசுகளின் பேராளர்கள் கூடி, உடற்குறையுள்ள குழந்தைகளும் ஊர்ப் பிள்ளைகளோடு பொதுப் பள்ளியிலேயே கற்க வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டனர். அதன்பின் இக்கருத்து கல்வி உலகில் வேகமாகப் பரவியது. 2007 முதல் 2012 வரையிலான நம் நாட்டின் 11ஆம் ஐந்தாண்டுத் திட்டம் இதையே தன் தலைப்பாகக் கொண்டது. இவ்வாறு பள்ளியிலிருந்து பொருளாதாரத்துக்கும், பொருளாதாரத்திலிருந்து மறையுரைக்கும் இச்சொல் வந்து சேர்ந்தது.

கருத்து நல்லது, அதில் ஐயமில்லை. ஆனால் சொல்லைச் சற்று உற்று நோக்குங்கள். ‘உள்ளடக்கு’ என்பதன் உள்ளே ‘அடக்கு’ இருக்கிறது. யானையை அடக்குகிறோம், சினத்தை அடக்குகிறோம், கலகத்தை அடக்கினான் மன்னன் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. இறந்தோரைக் கல்லறையில் வைப்பதும் ‘அடக்கம்’தான். எனவே ஒருவரை உள்ளடக்கினோம் என்னும்போது அவரை நம்மோடு சேர்த்துக்கொண்டோமா, நமக்குக் கீழ்ப்படுத்தி வைத்தோமா என்ற கேள்விக்குச் சொல்லிலேயே விடையில்லை. பிழை தமிழாக்கியோருடையது மட்டுமன்று. மூலமான இலத்தீன் சொல்லுக்கும் ‘உள்ளே வைத்து அடைத்தல்’ என்பதே முதற்பொருள். அடைக்கும் கை எப்போதும் ஏற்கெனவே உள்ளே இருப்பவருடையது, கதவும் அவருடையது, திறவுகோலும் அவரிடமே.

தமிழில் இக்கருத்துக்கு வேறு சொல் இல்லையோ என்றால், இருக்கிறது. வியப்பு என்னவெனில், அது அரசியல் நூலிலோ அற நூலிலோ அன்றி இலக்கண நூலில் இருக்கிறது. ‘உளப்பாடு’ என்பது அச்சொல்.

‘நான்’ என்பதன் பன்மை தமிழில் ஒன்றன்று, இரண்டு. பேசுகிறவன் கேட்கிறவனையும் தன்னோடு சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. கேட்கிறவனை விலக்கி, வேறு சிலரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் ‘நாங்கள்’, பழந்தமிழில் ‘யாம்’. ‘நாம் சாப்பிடலாம்’ என்றால் விருந்தினருக்கும் இலை போட்டாயிற்று. ‘நாங்கள் சாப்பிடப் போகிறோம்’ என்றால் அவர் எழுந்து விடைபெற வேண்டியதுதான்! இவ்வாறு சேர்ப்பதை ‘உளப்படுத்துதல்’ என்றனர் இலக்கணிகள். வினைமுற்றின் விகுதிகளையும் அவர்கள் இந்தக் கண்கொண்டே பிரித்தனர். நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், அம், ஆம் என்னும் விகுதிகள் முன்னிலையாரைத் தன்மையோடு சேர்க்கும் என்றும், எம், ஏம், ஓம் என்பவை படர்க்கையாரைச் சேர்க்கும் என்றும் வகுத்துரைத்தார்.

இதில் நான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. உள்ளடக்கம் என்பது ஓர் இடத்தைப் பற்றிய சொல். பெட்டிக்கும் உள்ளடக்கம் உண்டு, நூலுக்கும் உண்டு. உளப்பாடோ பேச்சில் மட்டுமே நிகழ்வது. எதிரே ஒரு முகம் இருந்து, அந்த முகத்தைப் பார்த்து ஒருவர் வாய் திறக்கும்போதுதான் அது உண்டாகிறது. அவர் ‘நாம்’ என்றாரா, ‘நாங்கள்’ என்றாரா என்பதைக் கேட்டவர் அக்கணமே அறிந்துகொள்வார். எந்தச் சுற்றறிக்கையாலும் அதை மறைக்க முடியாது.

ஒரு நிலப்பகுதியில் இந்த வேறுபாட்டை நன்கு காணலாம். திருத்தணி மலையைச் சூழ்ந்த நாடு அது. திருவாலங்காட்டை அடுத்துள்ள மணவூர் இன்று சென்னை–அரக்கோணம் இருப்புப் பாதையில் ஒரு சிறு நிலையம். சோழர் காலத்தில் தொண்டை மண்டலக் கோட்டங்களுள் ஒன்றாகிய மணவிற் கோட்டத்துக்குப் பெயர் தந்த ஊர் இதுவே என்பர். முதற் குலோத்துங்கனின் படைத்தலைவனும் தில்லையில் பல திருப்பணிகள் செய்தவனுமாகிய மணவிற் கூத்தன் காலிங்கராயன் இவ்வூரான் என ஆய்வாளர் கருதுவர். வடக்கே சிறிது தொலைவு சென்றால் தெலுங்கு வந்துவிடும். வந்துவிடும் என்பதுகூடப் பிழை; அது இங்கேயே தமிழோடு கலந்து குடியிருக்கிறது. ஒரே தெருவில் ஒரு வீட்டில் தமிழும் அடுத்த வீட்டில் தெலுங்கும் பேசுவர். சந்தையில் இரண்டும் பேசுவர்.

1953 அக்டோபர் முதல் நாளில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி சித்தூர் மாவட்டத்தோடு அங்கே போயிற்று. ம.பொ.சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தை மூத்த வாசகர்கள் அறிவர். பின்னர் எச்.வி.பட்டாஸ்கர் அளித்த பரிந்துரையின்மேல் 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. வேறு சில ஊர்கள் இங்கிருந்து அங்கே சென்றன. கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மையோர் பேசும் மொழியும் நிலத் தொடர்ச்சியும் பார்த்துக் கோடு கிழித்தார்கள். நேர்மையான முறைதான். ஆயினும் பெரும்பான்மை என்றால் சிறுபான்மையும் உண்டு. தமிழ்நாட்டுக்குள் வந்த ஊரில் தெலுங்கு வீடுகளும் வந்தன. ஆந்திரத்தில் நின்ற ஊரில் தமிழ் வீடுகளும் நின்றன. வரைபடம் அவர்களை உள்ளடக்கியது. அவர்களைப் பார்த்து அண்டை வீட்டார் ‘நாம்’ என்றனரா என்பதை எந்த ஆணையமும் கணக்கெடுக்கவில்லை, எடுக்கவும் இயலாது.

தெலுங்கிலும் இரு பன்மைகள் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கேட்பவரை விலக்கினால் ‘மேமு’; சேர்த்துக்கொண்டால் ‘மனம்’. தமிழ்ச் செவிக்கு அது நெஞ்சைக் குறிக்கும் நம் சொல்லாகவே கேட்கிறது. இது தற்செயலான ஒலி ஒற்றுமை. இதிலிருந்து மொழியாராய்ச்சி எதையும் செய்யப் புகவேண்டாம். ஆனாலும், எல்லையோரத்துத் தமிழர் ஒருவர் தெலுங்கு நண்பர் ‘மனம்’ என்று சொல்லக் கேட்டு மகிழ்ந்தால் அவரை நான் தடுக்கமாட்டேன். மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்ற வேறுபாடு வாழ்கிறது. இன்றைய கன்னடம் அதை இழந்துவிட்டது. இந்தியில் ‘ஹம்’ ஒன்றே. மராத்தியிலும் குஜராத்தியிலும் இரண்டு உண்டு.

ஐரோப்பிய மொழிகளில் இவ்வேறுபாடு இல்லை. இலத்தீனின் ‘நோஸ்’ எல்லாரையும் குறிக்கும். யாரையும் குறிப்பாகச் சொல்லாது. ஆகையால் இம்மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்ட மறைபரப்பாளர்கள் பிற கண்டங்களுக்குச் சென்றபோது திகைத்தனர். பெரு நாட்டில் இன்கா மக்களின் கெச்சுவா மொழியைக் கற்ற தொமினிக்கன் துறவி தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ், 1560இல் வெளியிட்ட இலக்கண நூலில் இதை விளக்கினார். ஐரோப்பியர் ஒருவர் இவ்வேறுபாட்டை அச்சில் விளக்கியது அதுவே முதன்முறை என்பர். நம் இலக்கணிகளோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதற்குப் பெயரிட்டுவிட்டனர்.

தமிழகக் கடற்கரையிலும் இதே சிக்கல் எழுந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த தூய சவேரியார், செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மனப்பாடமாக ஒப்பித்தார். 1578இல் என்றிக்கே என்றிக்கஸ் அடிகளார் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். இலத்தீனிலோ போர்த்துக்கீசியத்திலோ ‘நம்முடைய’ என்ற ஒரு சொல் வரும் இடமெல்லாம் தமிழில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். நம் தந்தையா? எங்கள் தந்தையா? இறைவனை நோக்கிப் பேசுகையில் ‘எங்கள்’ என்பதே இலக்கணம்; கேட்பவர் இறைவன், அவர் தமக்குத் தாமே தந்தையாக இயலாதே. அதே குரு மக்களை நோக்கித் திரும்பினால் ‘நம் ஆண்டவர்’ என்பார். தமிழ்த் திருப்பலியில் இவ்விரு சொற்களும் மாறி மாறி வருவதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள்.

சில இடங்களில் இலக்கணம் இறையியலாகிவிடுகிறது. மாற்கு நற்செய்தி நான்காம் அதிகாரத்தில் படகு புயலில் தத்தளிக்கிறது, இயேசுவோ உறங்குகிறார். ‘மடிந்துபோகிறோமே, உமக்குக் கவலையில்லையா?’ என்ற கருத்தில் சீடர்கள் கதறுகின்றனர். யார் மடிவது? ‘நாங்கள்’ என்றால் தண்ணீரில் மூழ்குவோர் சீடர்கள் மட்டுமே. ஆண்டவர் மூழ்கமாட்டார் என்பது அவர்கள் நம்பிக்கை. ‘நாம்’ என்றால் அவரும் அதே படகில், அதே சாவின் வாயில் இருக்கிறார். கிரேக்க மூலம் இதைச் சொல்லவில்லை. தமிழில் பெயர்ப்பவர் தாமே தெரிந்தெடுக்க வேண்டும். அல்லது ‘ஓம்’ விகுதியோடு வினைமுற்றை மட்டும் எழுதி, எழுவாயை விட்டுவிட்டுத் தப்பித்துக்கொள்ள வேண்டும்.

இனி, நாம் எளிதில் தப்பித்துக்கொள்ள முடியாத ஓர் இடத்துக்கு வருவோம்.

நெல்லைச் சீமையின் தென்கோடியில் உள்ள வடக்கன்குளம் தமிழகக் கத்தோலிக்கரின் நெஞ்சில் நிலைபெற்ற ஊர். 1745 மே 14ஆம் நாள் நீலகண்டப் பிள்ளை என்னும் திருவிதாங்கூர் அரசு அலுவலர் அங்கே திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயமானார். சாதி பாராது எல்லாரோடும் பழகியதும் அவர்மேல் எழுந்த வெறுப்புக்குக் காரணம் என்பர். 1752 ஜனவரியில் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவரை 2022 மே 15ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இத்தகைய ஒருவர் தலைவணங்கித் தண்ணீர் பெற்ற அதே ஊரில்தான், ஒரு நூற்றாண்டு கழித்து, 1872ஆம் ஆண்டளவில் இரு கிளைகளாகப் பிரிந்த ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கூடங்கள் இரு கால்களைப் போல விரிந்து நீண்டன. இடையே சுவர். ஒரு கூடத்தில் வேளாளர் முதலானோர். மறு கூடத்தில் நாடார் முதலானோர். இருபுறத்தாரும் குருவைக் காணலாம், நற்கருணையைக் காணலாம், ஒருவரையொருவர் மட்டும் காண முடியாது. மக்கள் அதைக் கால்சட்டைக் கோயில் என்று அழைத்தனராம். கசப்பான நகைச்சுவைதான்.

இதைக் கட்டியவர்களைக் கொடியோர் என்று தீர்ப்பிட எனக்கு மனம் வரவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி காலந்தொட்டு மதுரை மிஷன் ஒரு கேள்வியோடு மல்லாடிக்கொண்டிருந்தது: சாதியைத் தொட்டால் மக்கள் வரமாட்டார்கள், தொடாவிட்டால் நற்செய்தி என்னாவது? உயர்த்தப்பட்டோருக்கு ஒரு வகைக் குருக்களும், 1640 முதல் தாழ்த்தப்பட்டோரிடையே பணியாற்றப் பண்டாரசுவாமிகள் என்னும் வேறு வகைக் குருக்களும் என ஏற்பாடாயிற்று. எல்லாருக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற நோக்கமே இதில் இருந்தது. வடக்கன்குளத்தின் இரட்டைக் கூடமும் அந்நோக்கத்தின் உச்சம் எனலாம். எவரும் வெளியே நிறுத்தப்படவில்லை. எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே பீடத்தின் முன் உள்ளடக்கப்பட்டனர். இன்றைய கருத்தரங்கு மொழியில் சொன்னால், அது முழுமையாக உள்ளடக்கிய ஆலயம்! உளப்பாடு மட்டும்தான் அங்கே இல்லை. ஒரே கூரையின் கீழ் இரண்டு ‘நாங்கள்’ முழந்தாளிட்டிருந்தனர்.

1910இல் பங்குத்தந்தை கௌசானல் அடிகளார் காலத்தில் அச்சுவர் இடிக்கப்பட்டது. வேளாளர் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். தங்களுக்குத் தனியிடம் வேண்டும் என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை ஏறித் தோற்றது. கிறிஸ்தவராகிவிட்டவர் ஆலயத்துக்குள் சாதியின் பெயரால் தனியுரிமை கோர இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். ஆய்வாளர் ஆ.சிவசுப்பிரமணியன் தம் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் இவ்வரலாற்றை ஆராய்ந்திருக்கிறார். நம் பங்கு நூலகங்களில் இருக்க வேண்டிய நூல். வழக்காடிய இரு பிரிவினரின் குரல்களே ஆவணங்களில் மிகுதி. அவ்விருவருக்கும் கீழாக வைக்கப்பட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை அறிய, வாய்மொழியைத்தான் தேடிச் செல்ல வேண்டும்.

சுவர் நின்றபோதும் வீழ்ந்தபோதும் பீடத்திலிருந்து கேட்ட மொழி இலத்தீன் என்பதை நினைவிற் கொள்க. ‘ஒரேமுஸ்’ என்று குரு சொன்னார். மன்றாடுவோம் என்பது பொருள். யார் யார் சேர்ந்து மன்றாடுவது என்று அச்சொல் கேட்பதில்லை. சுவரின் இருபுறத்தாரும் அதைத் தத்தமக்கு ஏற்றவாறு பொருள்கொள்ள முடிந்தது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டை வெளியிட்டு மக்கள் மொழிகளுக்குக் கதவு திறந்தது. வடக்கன்குளத்துச் சுவர் வீழ்ந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரே பீடத்தில் தமிழ் ஒலித்தது. அன்று முதல் ‘மன்றாடுவோமாக’ என்று கேட்கிறோம். பவணந்தியார் கணக்கில் ‘ஓம்’ என்பது எதிரில் நிற்பவரை விலக்கும் விகுதி. இடைப்பட்ட நூற்றாண்டுகளில், எந்தப் புலவரும் ஆணையிடாமலே, அது முன்னிலையாரையும் ஏற்கும் விகுதியாக விரிந்துவிட்டிருந்தது. ‘நாம் மன்றாடுவோம்’ என்றாலும் இன்று பிழையில்லை.

மொழி விரிந்த அளவுக்கு நாம் விரிந்தோமா என்று கேட்டால், திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தைச் சாதியால் பிரித்த சுவர் இந்த நூற்றாண்டிலும் செய்தித்தாள்களில் பேசப்பட்டது என்பதே விடை. அங்கே ‘அடக்கம்’ என்ற சொல்லுக்கு அதன் எல்லாப் பொருள்களும் பொருந்தின. 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு நிலவுகிறது என்பதை ஒளிவின்றி ஏற்றுக்கொண்டது.

இதற்கிடையே இன்னொரு சேர்ப்புக்காக நாம் அரசின் கதவைத் தட்டி வருகிறோம். 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதியினருக்கான உரிமைகளை இந்து சமயத்தாருக்கு மட்டும் உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் புத்த சமயத்தாரும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. 2007இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சமயத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் இப்பொருளை மீண்டும் ஆராய நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் வேறோர் ஆணையம் அமைக்கப்பட்டது. ஆகஸ்டு 10ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து, ஆண்டுதோறும் நம் ஆலயங்களிலிருந்து மனுக்கள் போகின்றன; ஊர்வலங்கள் நடக்கின்றன; ஆயர்களும் நடக்கின்றனர்.

அம்மனுவைத் தமிழில் எழுதுகிறவர் முதல் வரியிலேயே நின்றுவிட நேரும். தலித் அல்லாத கத்தோலிக்கரும் கையெழுத்திடும் மனு அது. அரசை நோக்கிப் பேசுவதால் ‘நாம்’ வராது, இலக்கணம் இடங்கொடாது. மிஞ்சுவன இரண்டே சொற்கள்: ‘எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதலாம், ‘அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்றும் எழுதலாம். மேல்தெருவிலிருந்து கையெழுத்திட வருகிறவர், எழுதுகோலை வாங்கும்முன், இவ்விரண்டில் எது எழுதியிருக்க வேண்டும் என்று கேட்பார்?